கவுன்ட்டும் கஞ்சியும்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நாள் முழுக்கக் காதில் விழும் கேள்விகள் இரண்டுதான். "கவுன்ட் எவ்வளவு?" என்று அம்மா டாக்டரைக் கேட்பாள். "ஏதாச்சும் சாப்பிட்டானா?" என்று ஊரிலிருக்கும் பாட்டி போனில் அம்மாவைக் கேட்பாள். மிச்சமிருக்கும் புற்றணுக்களைப் பற்றி யாரும் தினமும் விசாரிப்பதில்லை. அது எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கும் நாளில் தெரிகிற சங்கதி. வெள்ளை அணு இறங்குவதும் தட்டில் சோறு மிஞ்சுவதும்தான் அன்றாடக் கவலை. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. மருத்துவமனையிலும் தொற்றுக்கு ஒருவர், உணவுக்கு இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் நம் ஊர்க் குழந்தையின் உடம்பில் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்கிற பழக்கத்தாலேயே காப்பாற்றக்கூடிய பிள்ளைகளில் சிலரை இழக்கிறோம் என்பது என் கணிப்பு.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ கால் பங்கு ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரத்தப் புற்றுநோய். வசதி படைத்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். இதற்கான அடிப்படை மருந்துகளும் புதியவை அல்ல. வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின் எல்லாமே பல பத்தாண்டுகள் பழையவை, இந்தியாவிலேயே கிடைப்பவை. அப்படியிருந்தும் நமக்கும் அவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. சிலருக்கு நோய் திரும்புகிறது. சிலர் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வகையினரின் கதைதான் மருத்துவர்களைத் தூங்கவிடாதது: மஜ்ஜையில் புற்றணு இல்லை என்று அறிக்கை வந்தபிறகு, காய்ச்சலில் போய்விடும் குழந்தைகள். பிரிட்டனின் யூகேஏஎல்எல் 2003 ஆய்வில் தொற்றால் இறந்தவர்கள் 2.4 விழுக்காடு. இந்திய மருத்துவமனைகளின் அறிக்கைகளில் சிகிச்சைக் கால இறப்பு இதைப்போலப் பல மடங்கு. சில இடங்களில் இரட்டை இலக்கத்தைத் தொட்டிருக்கிறது.

இந்த நோய்க்கான மருத்துவமே சத்துக் குறைவின் கதையிலிருந்துதான் பிறந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட்டைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. அதிலிருந்த சத்துக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கியது அமெரிக்காவின் லெடர்லி நிறுவனக் குழு. அதற்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இந்தச் சத்தின் ஒரு வகையைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்ததாகத் தெரிந்தது. அப்படியானால் சத்தை முடக்கினால் என்ன என்று யோசித்து, சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த அமினோப்டெரினைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் வெளியான அந்தக் கட்டுரையோடு குழந்தைப் புற்றுநோய்க்கு மருந்து என்ற எண்ணமே பிறந்தது.

இந்தக் கதைக்கு நம் நாட்டில் ஒரு பின்குறிப்பு உண்டு. ஃபோலேட் குறைவாக இருக்கும் குழந்தைக்கு ஃபோலேட்டை முடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? லக்னோ மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை தொடங்கும்போதே ஃபோலேட் குறைந்திருந்த பிள்ளைகளுக்குத் தொடக்கக் கட்டத்தில் வெள்ளை அணு அதிகம் சரிந்ததையும், தொற்றும் இறப்பும் கூடியதையும் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஃபோலிக் மாத்திரை கொடுப்பது இதற்கு விடையல்ல. ஃபார்பர் கண்டது அப்படியே நிற்கிறது. கீரையும் பருப்பும் காணாமல் வளர்ந்த உடம்பு, கிருமி வருவதற்கு முன்பே பாதி தோற்றிருக்கிறது என்பதே லக்னோ ஆய்வின் பொருள்.

வார்டு மொழியில் கவுன்ட் என்றால் பெரும்பாலும் நியூட்ரோஃபில். கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளை அணு இது. 1966இல் ஜெரால்ட் போடியும் அவர் குழுவினரும் இந்த எண்ணிக்கைக்கும் தொற்றுக்கும் உள்ள உறவை அளந்து எழுதினார்கள். 1000க்குக் கீழே போகும்போதே ஆபத்து தொடங்குகிறது, 500க்குக் கீழே கூடுகிறது, 100க்குக் கீழே செங்குத்தாக ஏறுகிறது. எத்தனை நாள் அப்படியே கிடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஐந்தாண்டுகள் கழித்து பால்டிமோரில் ஷிம்ஃப் குழுவினர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். எந்தக் கிருமி என்று ஆய்வகம் சொல்லும்வரை காத்திராமல், கவுன்ட் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் என்றதுமே இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சேர்த்து ஆரம்பித்தார்கள். அதுவரை சூடோமோனாஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்பதே நிலை. இன்று உலகெங்கும் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் என்று வலியுறுத்துவதன் வேர் இங்கே இருக்கிறது.

தடுப்பு மருந்தின் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான முடிவு அபூர்வம் என்று சொல்லத்தக்க ஆய்வு 1977இல் மெம்பிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையிலிருந்து வந்தது. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலைத் தாக்கிக் கொல்வதைத் தடுக்க, வால்டர் ஹியூஸ் 80 குழந்தைகளுக்குக் கோட்ரைமாக்ஸசோல் கொடுத்தார். 80 பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் 17 பேருக்கு நோய் வந்தது. மருந்துக் குழுவில் ஒருவருக்குக்கூட வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் கொடுத்தாலே போதும் என்பதும் பிறகு உறுதியானது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. நாட்கணக்கு குழம்பி விட்டுப்போவதும் இதுதான்.

சரி, இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிறார்கள், காற்றில் வருகின்றன என்றுதான் குடும்பத்தார் நினைக்கிறார்கள். பெரும்பகுதி குழந்தையின் குடலிலேயே குடியிருப்பவை. மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சைட்டராபின் போன்றவை வேகமாகப் பெருகும் அணுக்களையெல்லாம் அடிக்கின்றன. வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் அவற்றில் சேர்ந்தவை. வாயில் புண் வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அதே புண் குடல் நெடுகிலும் இருப்பது தெரிவதில்லை. அந்த விரிசல்கள் வழியே ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் ரத்தத்துக்குள் இறங்குகின்றன. வாய்ப்புண்ணால் பிள்ளை சாப்பிடுவதில்லை. உணவு போகாத குடலின் உட்தோல் மேலும் மெலிகிறது. காய்ச்சல் வருகிறது, காய்ச்சலில் பசி போகிறது, தசை கரைகிறது, அடுத்த கீமோ தள்ளிப்போகிறது. கவுன்ட்டையும் கஞ்சியையும் ஒரே கேள்வியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். உப்பு அல்லது சோடா உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளிக்க வைப்பது பார்க்க அற்பமாகத் தெரியும். உண்மையில் அது தொற்றுத் தடுப்பு, ஊட்டச் சிகிச்சை இரண்டும்.

நம் குடல்களில் இருக்கும் கிருமிகள் மேலை நாட்டுக் கிருமிகள் அல்ல என்பது அடுத்த சிக்கல். 2010இல், புது டெல்லியின் பெயரைத் தாங்கிய என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு நொதியைப் பற்றி லான்செட் குழும இதழில் வந்து நாட்டையே கொந்தளிக்க வைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்களே என்று டெல்லியில் கோபப்பட்டதில் போன நேரம், கிருமியைப் பற்றி யோசிப்பதில் போயிருக்கலாம். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டபோதுதான் பேச்சு கொஞ்சம் பக்குவமானது. கார்பபெனெம் வகை மருந்துக்கே மசியாத கிருமி ரத்தத்தில் கலந்தால் மிச்சமிருப்பது கோலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தை வதைக்கும் மருந்துகள்தாம். ஆகவே வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே பெயர்த்துப் பயன்படுத்த முடியாது. லீவோஃப்ளாக்ஸசினை முன்தடுப்பாகக் கொடுத்தால் நோய் திரும்பி வந்த குழந்தைகளுக்கும் ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும் ரத்தத் தொற்று குறைகிறது என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மருந்துக்கு ஏற்கெனவே பழகிப்போன கிருமிகள் நிறைந்த நம் குடலில் அதே பலனை எதிர்பார்ப்பது கடினம். தன் வார்டில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மடிகிறது என்ற கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுக்காத மருத்துவமனை, இருட்டில் கல்லெறிகிறது.

இதைவிடப் பெரிய தாமதம் மருத்துவமனைக்கு வெளியே நடக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டரில் ஒருமுறை 101 காட்டினாலோ, 100.4க்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலோ கிளம்பிவிட வேண்டும். நடப்பது வேறு. கைவசம் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுப்பார்கள், சூடு தணியும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பார்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் வாரங்களில் காய்ச்சலே தெரியாமல் போகலாம். காய்ச்சலின்றி வயிறு வலிக்கிறது என்றாலும், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை காரணமின்றிச் சுருண்டு படுத்தாலும் அதைத் தொற்றாகவே எண்ண வேண்டும். வலது அடிவயிற்றில் வலி என்றால் குடலழற்சியின் அறிகுறியாக இருக்கலாம்.

விடியற்காலைப் பேருந்து பிடித்து நாலைந்து மணி நேரம் பயணம் செய்து சென்னைக்கோ வேலூருக்கோ வருவதற்குள் ஒரு மணி நேரக் கெடு எப்போதோ கடந்திருக்கும். பெரிய மருத்துவமனை ஒரு பக்க அட்டை எழுதிக் கொடுத்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். இந்தக் குழந்தைக்கு இன்ன நோய், இன்ன எடை, காய்ச்சல் என்றால் இன்ன ஊசி இத்தனை மில்லிகிராம், ரத்தக் குழாய் வழியாக மட்டும், தசையில் போடக் கூடாது, ஆசனவாயில் வெப்பமானி வைக்கக் கூடாது, கல்ச்சர் பாட்டில் இருந்தால் முதலில் ரத்தம் எடுக்கவும், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அவ்வளவுதான். தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர் கீமோவைக் கண்டு பயந்து "மேலே கொண்டுபோங்க" என்று அனுப்புவதை அவர் குற்றமாகச் சொல்ல முடியாது. அவர் கையில் எழுத்து இல்லை.

அம்மை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டம்மையும் சின்னம்மையும் மற்றப் பிள்ளைகளுக்கு வந்து போகும் நோய்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவை நுரையீரலிலும் ஈரலிலும் மூளையிலும் இறங்குகின்றன. அம்மை போட்டால் ஊசி போடக் கூடாது, மருந்து கூடாது, வேப்பிலை கட்டித் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தோடு வாதிட்டு ஜெயிப்பதில் பலனில்லை. வேப்பிலை இருக்கட்டும், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், சின்னம்மை என்றால் அசைக்ளோவிர் அன்றைக்கே தொடங்கட்டும் என்று சொல்லும் நர்ஸ்தான் காரியம் சாதிக்கிறார். பக்கத்து வீட்டில் அம்மை என்று தெரிந்தவுடனே, உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும், வரச் சொல்ல வேண்டும். எதிர்ப்புப் புரத ஊசி நான்கு நாள்களுக்குள் போட்டால்தான் நன்றாகப் பலனளிக்கும். நோயுற்ற பிள்ளைக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் கூடாது. அண்ணன் தங்கைக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைத் தவறாமல் போடலாம், போட வேண்டும். போலியோ சொட்டு மருந்து மட்டும் வீட்டில் யாருக்கும் கூடாது. மலத்தின் வழியே கிருமி வெளியேறும் என்பதால் அவர்களுக்கு ஊசி வடிவம்தான். முகாம் நாளில் வாசலுக்கு வரும் பணியாளரிடம் இதை விளக்குவதற்குள் பல தாய்மார்கள் திணறிவிடுகிறார்கள்.

இனி சோற்றுப் பக்கம். சேர்ந்த அன்று எடை பார்த்து "பரவாயில்லை" என்று எழுதுவது ஏமாற்றும். ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கும், நீர் கோத்திருக்கும், அந்தக் கனமும் தராசில் ஏறுகிறது. மேற்கையின் சுற்றளவு பொய் சொல்வதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் வைத்திருக்கும் அதே நாடாதான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, 12.5க்குக் கீழே என்றால் மிதமானது. மத்திய அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று கைச்சுற்றளவையும் தோல்மடிப்பையும் வைத்துப் புற்றுநோய்க் குழந்தைகளை அளந்தபோது, 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் ஊட்டம் குறைந்தவர்களாக இருந்தார்கள். அவர்களிடையே சிகிச்சையைக் கைவிடுவதும் இறப்பும் அதிகம். குவாதமாலாவிலிருந்து வந்த செய்திதான் எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமானதாகப் படுகிறது. மெலிந்து வந்த ஏ.எல்.எல். குழந்தைகளில் முதல் ஆறு மாதத்தில் தேறியவர்கள், தொடக்கத்திலேயே நன்றாக இருந்தவர்களைப் போலவே பிழைத்தார்கள். ஆக, வறுமை தலையில் எழுதியது மாற்ற முடியாதது அல்ல. ஆறு மாத அவகாசம் இருக்கிறது.

அந்த ஆறு மாதத்தில் மருந்துகள் ஒவ்வொன்றும் வயிற்றோடு ஒவ்வொரு விதமாக விளையாடுகின்றன. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் மலச்சிக்கலையும் தாடை வலியையும் தருகிறது. மெல்லவே முடியாது என்று பிள்ளை அழும். அஸ்பராஜினேஸ் கணையத்தைத் தாக்கலாம், ஸ்டீராய்டோடு சேர்ந்து சர்க்கரையை ஏற்றலாம். ஸ்டீராய்டு வாரங்களில் நேரெதிர்க் காட்சி. நடு இரவில் எழுந்து பரோட்டா கேட்கும் பிள்ளைகள் உண்டு. முகம் உப்பி, வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்து உறவினர்கள் "தேறிட்டான்" என்பார்கள். அது தேறல் அல்ல, கொழுப்பு மட்டும் சேர்ந்து தசை கரைந்த உடம்பு. அதிகப் பருமனும் கேடுதான். கணைய அழற்சிக்கும் நோய் திரும்புவதற்கும் அதற்குத் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. வசதியுள்ள வீடுகளில் நெய்யும் ஊட்டச்சத்து பானமும் ஊற்றி வளர்க்கும் அன்பு இந்தக் கணக்கில் வராமலே போகிறது.

"பச்சையாக எதுவும் கூடாது" என்ற பழைய விதியின் பெயரில் எவ்வளவோ பட்டினி நடந்திருக்கிறது. பழம் கூடாது, வெளியே கூடாது, அது கூடாது, இது கூடாது என்று பட்டியல் நீண்டு, கடைசியில் பிள்ளை பிஸ்கட்டில் உயிர் வாழும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 150 குழந்தைகளைச் சீட்டுப் போட்டது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடுமையான தவிர்ப்பு உணவும் மறுபாதிக்குச் சாதாரணச் சுகாதார விதிகளும் கொடுத்தார்கள். தொற்று இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு, வித்தியாசமே இல்லை. அமெரிக்கக் குழாய் நீரும் நம் குழாய் நீரும் ஒன்றல்ல என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதனால் கொதித்து ஆறிய நீர், காய்ச்சிய பால், முழுக்க வெந்த முட்டை, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெட்டி வைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். உரித்துத் தின்னும் வாழைப்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் தடை தேவையில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்ச் சமையலறை கொடுத்துவைத்தது. இட்லி ஆவியில் வெந்தது, மென்மையானது, வாய்ப்புண்ணுக்கு இதமானது. கேழ்வரகுக் கூழ், பருப்பு கடைந்த சோறு, முட்டை, வறுத்த வேர்க்கடலைப் பொடி தூவிய கஞ்சி எல்லாமே குறைந்த செலவில் புரதமும் சக்தியும் தருபவை. கஞ்சி என்றால் வெறும் தண்ணீர்க் கஞ்சி அல்ல. ஒரு கரண்டி எண்ணெயோ பால் பவுடரோ சேர்த்த கெட்டிக் கஞ்சி. தயிர் கூடுமா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை பதில் மாறுகிறது. காய்ச்சிய பாலில் அன்றன்று உறையூற்றிய தயிரைத் தடுப்பதற்கு வலுவான காரணம் எனக்குப் புலப்படவில்லை. புரோபயாடிக் எனப்படும் உயிர்க்கிருமிப் பாக்கெட்டுகளைக் கவுன்ட் இறங்கிய நாள்களில் தவிர்ப்பது புத்திசாலித்தனம். வாயால் முடியாதபோது மூக்குவழிக் குழாய் வேண்டும். பெற்றோர் அதைச் சாவின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். சில வார்டுகளில் குழாயோடு பள்ளிக்கூடப் பாடம் எழுதும் இன்னொரு பிள்ளையைக் காட்டிய பிறகுதான் சம்மதம் கிடைக்கிறது.

தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தே கெடுதலாகும் இடமும் உண்டு. பூஞ்சையைத் தடுக்க வோரிகோனசோல், இட்ராகோனசோல் கொடுத்துக்கொண்டே வின்கிரிஸ்டின் போட்டால், ஈரல் அதைச் சிதைக்க முடியாமல் நஞ்சாகிறது. குடல் அசைவு நின்று வயிறு ஊதி, வலிப்புகூட வரலாம். மெர்காப்டோப்யூரின் இன்னொரு பொறி. இரண்டாண்டுக்கு மேல் வீட்டிலேயே தினமும் விழுங்கும் இந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான், பால் இல்லாமல்தான் கொடுக்க வேண்டும் என்று பழைய கட்டளை. 2017இல் வெளியான ஆய்வு அந்தச் சடங்குகளுக்குப் பலனில்லை என்று காட்டிவிட்டது. நாள் தவறாமல் கொடுப்பதே முக்கியம். ஆனால் ஆசிய மக்களிடையே அதிகம் காணப்படும் என்யூடிடி15 மரபணு மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். அது தெரியாமல் முழு அளவு கொடுத்தால் கவுன்ட் பாதாளத்துக்குப் போகும். கிராமப்புறக் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் குடற்புழு மருந்து கொடுப்பதும் மறக்கக் கூடாதது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு ஸ்டீராய்டின் துணையோடு உடம்பெங்கும் பரவும்.

செலவைப் பற்றிப் பேசும்போது கீமோ மருந்தின் விலையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. அப்பாவின் கூலி போன நாள்கள், வாடகை அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் செலவு ஆகியவை குடும்பத்தின் தலையில்தான். மும்பையில் 2013இல் தொடங்கிய கடில்ஸ் அறக்கட்டளை அரசு மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்களை அமர்த்தி, ரேஷன் மூட்டைகூடக் கொடுத்தனுப்புகிறது. செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் சுத்தமான அறையும் பொதுச் சமையலறையும் தந்து தாயையே சமைக்க விடுகின்றன. தொண்டு நிறுவனங்களின் வேலையாக இது இருப்பது போற்றத்தக்கது. அரசுப் பணியிடப் பட்டியலில் குழந்தைப் புற்றுநோய்க்கான உணவியலாளர் பதவியும் இடம்பெற வேண்டும்.

கடைசியாக, எவ்வளவு கடுமையான கீமோ என்ற கேள்வி. 1980களில் சென்னை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களும் எம்சிபி-841 என்ற ஒரே திட்டத்தைக் கையில் எடுத்தன. அதற்கு முன் பிழைப்பவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற நிலை; அதன்பின் மூன்று மையங்களிலும் 45 முதல் 60 விழுக்காடுவரை நோயின்றி நான்காண்டைத் தாண்டினார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் மையத்துக்கு மையம் முடிவு மாறியது. மருந்துத் திட்டம் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பல இந்திய மையங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிக்கிள் ஆய்வு, தொடக்கத்தில் ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று வார ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று குறையுமா என்று ஆபத்து குறைந்த சிறு குழந்தைகளிடம் சோதிக்க முனைந்தது. நம் நிலைமைக்கேற்பக் கேட்கப்பட்ட கேள்வி இது. மேலை நாட்டுத் திட்டத்தின் வீரியத்தை மட்டும் இறக்குமதி செய்து, அதைத் தாங்கும் ஏற்பாடுகளை அங்கேயே விட்டுவிட்டு வருவது நமக்குப் பழகிப்போன தவறு. ஒரு மருத்துவமனை அடுத்த கடுமையான திட்டத்துக்கு மாறுமுன் தன் பதிவேட்டிலிருந்து மூன்று விவரங்களை எடுத்துப் பார்க்கட்டும்: சென்ற ஆண்டு நோய் தணிந்த நிலையில் இறந்த குழந்தைகள் எத்தனை பேர், காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து அவர்களுக்கு முதல் ஊசி போடப்பட்டது, சேர்ந்த நாளில் அவர்களின் கைச்சுற்றளவு என்ன. மூன்றாவது எண் கேஸ் ஷீட்டில் எழுதப்படாமலே போவது இன்றும் சகஜம்.